இப்போது ஒருத்தரும் ரூல்ஸ் மீறுவதில்லை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு சண்முகவேல் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். மனுஷன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு... கடைசி டிரிப்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி ரிட்டயர்டு டிராஃபிக் எஸ்.ஐ. ஒரே பையன் குமார் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். போன் பண்ணினால் அப்பாவும் மகனும் என்ன பேசுவார்கள்? 'சாப்ட்டியாலே?' 'சாப்ட்டேம்ப்பா. அங்கன சாரல் விழுதா?' 'விழுது.' அதோடு சரி. நம்ம வீட்டு ஆம்பளைகள் மட்டும் என்ன பேசிக் கிழித்துவிட்டோம்?

அப்போதுதான் குமார் இந்த ஆன்லைன் விளையாட்டைக் கற்றுக்கொடுத்தான். ஆளுக்கொரு பஸ். முன்னால் மகன், பின்னால் அப்பா, காதில் ஹெட்போன். பஸ் ஓட்டுகிற சாக்கில் அவன் ஆபீஸ் தொல்லை, இவர் முட்டிவலி, அவன் கல்யாணம் என்று எல்லாப் பேச்சும் வந்துவிடும். பஸ் நின்ற பிறகும் பேச்சு ஓடும்!

நடுவில் விளையாட்டு படுத்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நிற்கும். ஆட்கள் குறைந்தார்கள். நடத்தின கம்பெனி கையை விரித்துவிட்டது.

அதில் விளையாடுகிற பிள்ளைகளில் புரோகிராம் எழுதத் தெரிந்த சிலர் ஒன்றுசேர்ந்தார்கள். குமாரும் ஒருத்தன். கம்பெனியிடம் விளையாட்டையே கேட்டு வாங்கி, லீவு நாளையெல்லாம் அதிலேயே போட்டுச் சரிசெய்தார்கள். யாரும் கேட்டுச் செய்ததில்லை. சும்மா ஒரு பிரியம்தான். தென்காசி–குற்றாலம் ரூட்டையும் புதிதாகச் சேர்த்தார்கள். ஆர்ச் உண்டு, அருவி உண்டு, சாரலுக்கு வைப்பர்கூடப் போடலாம். பழைய ஆட்கள் திரும்பினார்கள். காலேஜ் பிள்ளைகள் புதுசு புதுசாக வந்தார்கள்.

இனி ரூல்ஸ் மீறுகிறவர்களை வெளியேற்ற ஒரு ஆள் வேண்டுமே... ரிட்டயர்டு டிராஃபிக் எஸ்.ஐ. கையில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?

அண்ணாச்சிக்குப் பழைய விறைப்பு வந்துவிட்டது. இண்டிகேட்டர் போடாமல் திரும்பினால் வெளியே. சும்மா ஹாரன் அடித்தால் வெளியே. ஆலங்குளத்துக் காலேஜ் கோஷ்டி ஒன்று பஸ்ஸைக் கொண்டுபோய் மெயினருவிக்கு அடியில் நிறுத்திக் குளிப்பாட்டியது. சிரித்துவிட்டுப் போகவேண்டிய விஷயம்தானே? மொத்தக் கோஷ்டியும் வெளியே!

கொஞ்சம் விட்டுப் பிடிங்கப்பா, புதுசா வருகிறவர்கள் என்று குமார் சொல்லிப் பார்த்தானாம். ரோடு என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா என்று இவர் எகிறினாராம்.

போனவர்கள் போனவர்கள்தான். அவர்கள் பின்னாலேயே மற்றவர்களும் கழன்றுகொண்டார்கள். ஆளில்லாத ரோட்டுக்கு எவன் லீவு போட்டு ரிப்பேர் பார்ப்பான்? சரிசெய்த பிள்ளைகளுக்கே மனசு விட்டுப்போச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமையோடு சர்வரை நிறுத்துவதாக முடிவு.

கோளாறைச் சரிசெய்யப் புரோகிராம் தெரிந்தால் போதும். வந்தவனைத் தங்கவைக்க அது போதாது போலிருக்கிறது. நம்ம நலச்சங்கம், வாக்கிங் குரூப், கோயில் கமிட்டி... எங்கேதான் இது இல்லை? உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் தங்கமான ஆட்கள். புதுசாக வருகிறவன்தான் மறுநாள் வருவதில்லை.

அன்றைக்குத் திரையில் இரண்டே பஸ். முன்னால் குமார், பின்னால் அண்ணாச்சி. குற்றாலம் வரைக்கும் எதிரே ஒரு வண்டி இல்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"பாத்தீரா தம்பி... இன்னைக்கு ஒருத்தன்கூட ரூல்ஸ மீறல."

சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. "நாந்தான் எல்லாரையும் வெரட்டிட்டேன்" என்றார்.

நேற்று அவர் வீட்டில் இருக்கும்போது குமார் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

'சாப்ட்டியாலே?'

'சாப்ட்டேம்ப்பா. அங்கன சாரல் விழுதா?'

'நின்னுட்டு.'