துருவுக்குள் ஓடிய முயல்கள்

பஸ் டிப்போவில் அவளைப் 'புயல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஓட்டும் பஸ் நிதானமாகத்தான் போகும். இறங்கிவிட்டால் அவள்தான் பறப்பாள். நினைத்ததை அந்த நிமிடமே முடிக்க வேண்டும். கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. கிழிந்த சீருடையைத் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் தையல்காரரைப் பிடித்துப்போய்விட, "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று நேராகக் கேட்டுவிட்டாள்.

தையல்காரரின் அக்காவும் அவர்களோடுதான் இருந்தார். தம்பிக்குத் தன்னைக் கேட்காமல் கல்யாணம் நடந்ததில் அவருக்குத் தீராத கோபம். தம்பி பெண்டாட்டி எதிரில் நின்றாலும், "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுடா, குழாயை இறுக்கி மூடணும்னு" என்று தம்பி வழியாகத்தான் சொல்வார்.

அவர்கள் இருந்த மலையூரில் அந்த வருடம் குளிர் எலும்பைத் துளைத்தது. டிப்போவின் பழைய காத்திருப்பு அறையை இடித்தபோது, அங்கிருந்த வார்ப்பிரும்பு அடுப்பைப் பழைய இரும்புக் கடைக்கு ஏற்றப் போனார்கள். விறகு போட்டு அறையைச் சூடாக்கும் அடுப்பு. உடம்பெல்லாம் துரு. புயல் குறுக்கே போய் நின்றாள்.

"இது எனக்கு வேணும்!"

"தூக்க முடிஞ்சா எடுத்துக்கோம்மா" என்று மேலாளர் சிரித்தார். மெக்கானிக்குகள் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்து அவள் வீட்டு முன்னறையில் இறக்கினார்கள்.

"அடுப்பா, ஆனைக்குட்டியா?" என்றார் தையல்காரர்.

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார். "குப்பையில போறதை வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கா. கேளுடா அவளை!"

அடுத்த விடுமுறை நாளில் புயல் தரையில் செய்தித்தாளை விரித்தாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டாள். சாம்பலை வாரிக் கொட்டிவிட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கினாள். செம்பொடி பறந்தது. திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்த கதவின் கீலுக்குள் எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி அசைத்தாள். பிறகு கதவின் முகப்பை உப்புத்தாளால் தேய்த்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

"என்னங்க, ஓடி வாங்க! உள்ள ஏதோ உருவம் இருக்கு!"

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார். துருவுக்கு அடியில் ஒரு வளைந்த முதுகு. இன்னும் தேய்த்தாள். ஒரு கால் வந்தது.

"குதிரை" என்றார் அவர்.

"இவ்வளவு குட்டைக் காலோட குதிரையா? நாய்ங்க!"

கதவோரம் நின்று எட்டிப் பார்த்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. செய்தித்தாளின் மேலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, முந்தானையால் பொடியைத் துடைத்தார்.

"ஏய், மேல தேய்டி! காது நீளமா வருது பாரு! முயல்! அடியே, முயல்டி!"

தையல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமாம் அண்ணி, முயல்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னொரு உப்புத்தாளை நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முயல்கள் கதவிலிருந்த புல்வெளியில் ஓடின. இரும்பு அடுப்புக்குப் பூசும் கருப்புப் பசையைத் துணியில் தொட்டு இருவரும் பூசினார்கள். காய்ந்ததும் ஷூ பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க இரும்பு பளபளத்தது.

"மழை பெஞ்ச தார் ரோடு மாதிரி மின்னுது அண்ணி!"

"உனக்கு எதைப் பார்த்தாலும் ரோடுதான்" என்ற அக்காவின் மூக்கு நுனியில் கரி.

மறுநாள் டிப்போ மெக்கானிக் ஒருவர் வந்து புகைக்குழாயைச் சுவர் வழியாக வெளியே விட்டுப் பொருத்தினார். புயல் சுள்ளி வைத்துப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பின் உடம்பிலிருந்தே புகை கிளம்பியது. அக்கா அலறிக்கொண்டு ஜன்னல்களைத் திறந்தார். தையல்காரர் தைத்து வைத்த சட்டைகளை அள்ளிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார்.

"பயப்படாதீங்க, புதுப் பசை முதல் சூட்டுல புகையுது, அவ்வளவுதான்!" என்று மெக்கானிக் கத்தினார்.

புகை அடங்கியது. இரும்பு மெல்லச் சூடேறி, அந்தச் சூடு சுவர்வரை பரவியது. தையல்காரர் சட்டைகளோடு அசடு வழியத் திரும்பி வந்தார். அக்கா முழங்காலை அடுப்புப் பக்கம் நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு கட்டை போடும்மா" என்றார்.

புயல் அதற்குள் போட்டிருந்தாள்.