மேல்வீட்டு டைல்ஸுக்குப் பின்னால் ஒரு ஒயர்

என் வீட்டுக்காரர் எந்த இரும்பையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். வாசல் கேட், குழாய், ஃப்ரிட்ஜ் கதவு, பஸ்ஸில் ஏறும்போது பிடிக்கிற கம்பி, எதுவானாலும் விரல் முட்டியால் லேசாக ஒரு உரசல். அதற்கப்புறம்தான் கையைத் திருப்பிப் பிடிப்பார். முப்பத்து நான்கு வருஷமாகப் பார்க்கிறேன். கல்யாணமான புதிதில் என் கன்னத்தையும் அப்படித்தான் தொட்டார். பட்டணத்து மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காரணத்தை ஒருநாள் கேட்டேன்.

"உள்ளங்கையால தொட்டு, அதுல கரண்ட் இருந்துச்சுன்னா விரல் தானா மடங்கிக்கும். விடணும்னு நெனச்சாலும் விட முடியாது. புறங்கைன்னா, மடங்குற கை விலகிப் போயிடும்."

"அப்ப என் கன்னம்?"

"அதையும் சோதிச்சுத்தான் பாத்தேன். பயப்பட்ட அளவுக்கு இல்ல."

அவர் பெயர் ஜெரோன்சியோ. ஜூயிஸ் டி ஃபோரா என்ற மலையூரில் எங்கள் குன்றில் பாதி வீடுகளுக்கு ஒயர் இழுத்தவர். அப்பா காப்பித் தோட்டத்துக் கூலி. பதினேழு வயதில் ஊரை விட்டு வந்து ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தார். தபாலில் வரும் எலக்ட்ரானிக்ஸ் பாடங்களில் அப்போதுதான் சேர்ந்தார். மாதம் ஒரு உறை வரும். கடைசி உறையில் ஒரு சின்ன ரேடியோவுக்கான சாமான்கள் இருந்தன. மாவு மேஜையின் ஓரத்திலேயே பற்றவைத்து முடித்தார். அதில் முதலில் கேட்டது பாட்டு அல்ல, மாட்டுச் சந்தை விலை. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அத்தனை உறைகளிலிருந்தும் தனக்குத் தங்கியது ஒரே விஷயம் என்பார். கரண்ட் கிளம்பின இடத்துக்கே திரும்பியாக வேண்டும். வழி கொடுத்தால் அந்த வழியே போகும். கொடுக்காவிட்டால் குழாய், சுவர், ஈரத் தரை, ஆள் என்று எது கிடைக்கிறதோ அதன் வழியே போகும்.

எங்கள் பக்கத்தில் ஷவரின் தலைக்குள்ளேயே ஒரு சுருள் கம்பி இருக்கும். தண்ணீர் அதன் மேல் ஓடிச் சூடாகி நேரே தலையில் விழும். ஷவரிலிருந்து மூன்று ஒயர் வெளியே வரும். பச்சை ஒயர் எர்த்துக்கு. குன்றில் யார் வீட்டிலும் எர்த் இல்லாததால், மாட்டுகிறவர்கள் அதைக் கத்தரித்து உள்ளே செருகிவிடுவார்கள். முதல் பத்து வருஷம் ஜெரோன்சியோவும் அப்படித்தான் செய்தார். அதை அவர் மறைத்ததில்லை. பிறகு எர்த்துக்காக வீட்டுக்கு வீடு செப்புக் கம்பியைத் தரையில் அடிக்க ஆரம்பித்தார். "என்ன, மாமியாரப் பொதைக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். கரண்ட் கொஞ்சம் கசிந்தாலும் தானே விழுகிற டிரிப் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. அதையும் மாட்டிப் பார்த்தார். மலிவான ஷவரில் சுருள் கம்பி தண்ணீரில் நேராக நனைவதால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். குளிருகிற காலையில் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னலிலிருந்து கத்துவார்கள். இவர் போய்க் கழற்றிவிட்டு வருவார். கழற்றாவிட்டால் வேறொருவன் வந்து கழற்றுவான், கூடவே பச்சை ஒயரையும் வெட்டிவிட்டுப் போவான்.

விருந்தாளி குளிக்கப் போனால், "இடது பக்கக் குழாய் கொஞ்சம் கடிக்கும், செருப்போட போங்க" என்று சொல்வது எங்கள் ஊர் உபசாரம்.

அவருக்கு ஒரே தங்கை, சொரைதே. எங்களுக்கு மேலே நாலு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் புருஷனும் புருஷனின் தம்பி வாண்டர்லேயும் சேர்ந்து கட்டிய வீடு அது. கீழ்த்தளம் அண்ணனுக்கு, நடுவில் ஒரு கான்கிரீட் தளம், அதற்கு மேலே தம்பிக்கு. புருஷன் போய்ச் சேர்ந்தான். பத்திரம் முழுக்க வாண்டர்லே பெயரில் இருக்கிறது.

சொரைதேயின் மகன் எட்மில்சனுக்கு இப்போது முப்பத்தொன்று. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தபோது இருபத்து நாலு. இடது பக்கம் செயலில்லை, பேச்சும் இரண்டு மூன்று வார்த்தைதான். தினமும் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற காலும் போய்விடும் என்று சுகாதார நிலையத்துப் பெண் சொல்லியிருந்தாள். அறைக்குள் நிறுத்தினால் பயந்து அலறுவான். வெந்நீர் விழுந்துகொண்டிருந்தால் மட்டும் நிற்பான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஜெரோன்சியோ குளியலறைத் தூணில் ஒரு இரும்புப் பிடி அடித்துக்கொடுத்தார். வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ முனகிக்கொண்டே நிற்பான். முதலில் ஒரு நிமிஷம்கூட இல்லை. ஆறு வருஷத்தில் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. சொரைதே முக்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். "அண்ணா, இன்னிக்குப் பன்னெண்டு!" என்று போனில் சொல்வாள். சில நாள் அந்த ஒரு வரிக்காகவே போன் வரும்.

போன ஏப்ரலில் வாண்டர்லே மேல்வீட்டுக் குளியலறைக்குப் புதிதாக டைல்ஸ் பதித்தான். வெள்ளை வெளேரென்று முகம் பார்க்கிற டைல்ஸ். கண்ணாடிக் கதவும் போட்டான். பார்க்க வந்தவர்களையெல்லாம் செருப்பைக் கழற்றவைத்தான்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு நான் பீன்ஸ் தாளித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. சொரைதேயின் குரல் எனக்கே கேட்டது.

"அண்ணா, எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டேன்! இன்னும் அவன விடல! கம்பி அவன விட மாட்டேங்குது!"

"அவனத் தொடாத! தொட்டா நீயும் போயிடுவ! தொடப்பக்கட்டை எடு. காஞ்சதா? அதால கையில அடி. விரல்மேல அடி, யோசிக்காத!"

போனில் கத்திக்கொண்டே மேட்டில் ஓடினார். அடுப்பை அணைத்துவிட்டு நானும் ஓடினேன். நாங்கள் போனபோது எட்மில்சன் தரையில் கிடந்தான். இரண்டு விரல்கள் வீங்கியிருந்தன. அழுதுகொண்டிருந்தான், உயிர் இருந்தது. சொரைதே துடைப்பத்தை மடியில் குறுக்கே வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெயினையும் அணைச்சியா?"

"மெயினத்தான் முதல்ல அணைச்சேன்."

அவர் போய்ப் பார்த்தார். மெயின் அணைந்துதான் இருந்தது. கரண்ட் இருந்தால் விளக்கு எரிகிற டெஸ்டரை எடுத்து இரும்புப் பிடியில் வைத்தார். எரிந்தது. ஈரச் சுவரில் வைத்தார், அங்கும் மங்கலாக எரிந்தது. அந்த வீட்டில் அப்போது ஒரு பல்புக்குக்கூடக் கரண்ட் இல்லை. ஜெரோன்சியோ தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

வாண்டர்லேயை அழைத்து மேல்வீட்டு மெயினை அணைக்கச் சொன்னார். டெஸ்டர் அணைந்தது. போடச் சொன்னார், எரிந்தது. பிறகு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்ததில் கோளாறு மேல்வீட்டு ஷவர் ஒயரில் வந்து நின்றது. கண்ணாடிக் கதவுக்காகச் சுவரைத் துளைத்தபோது ஒயரின் தோல் உரிந்து, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டிருக்கிறது. அந்தக் கம்பி தளத்தின் வழியாகத் தூணுக்குள் இறங்கி எட்மில்சனின் பிடிவரைக்கும் வருகிறது. மேலே எல்லாம் பிளாஸ்டிக் குழாய், அதனால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே பிடியைக் கழற்றினாலும் ஈரச் சுவர் விடாது.

"மச்சான், நான் தினமும் குளிக்கிறேன். இதோ, கல்லு மாதிரி நிக்கிறேன்" என்றான் வாண்டர்லே.

"ஒனக்கு அடிக்காது. கீழதான் அடிக்கும்."

"கீழ அடிச்சா கோளாறு கீழதான இருக்கணும்?"

"ஒயர் ஒன் செவுத்துல இருக்குடா. மூணு டைல்ஸ் எடுத்தா போதும்."

"மூணா! இந்த டிசைன் இப்ப வர்றதே இல்ல. மூணுக்கு வேற கலர் போட்டா, பல்லு விழுந்தவன் சிரிச்ச மாதிரி இருக்கும்."

"சரி, டைல்ஸ் வேண்டாம். அந்த ஒயர அப்படியே கழட்டி விட்டுடறேன். வெளிய ஒரு பைப்ல புது ஒயர் இழுத்துக் குடுக்கறேன். ஒரு மத்தியான வேலை."

"புது பாத்ரூம்ல செவுத்து மேல பைப்பா? கோழிப்பண்ணையா நடத்தறோம்?"

சமையலறையிலிருந்து அவன் பெண்டாட்டி மார்லூசியா குரல் கொடுத்தாள். "அந்தப் பொம்மை லைட்ட நம்பாதீங்கண்ணே. அது என் வயித்துல வெச்சாலும் எரியும்!"

கடைசியில் டிரிப் சுவிட்ச் ஒன்றை மாட்டிக்கொள்ள வாண்டர்லே சம்மதித்தான். அன்றைக்கே மேல்வீட்டு மெயினில் மாட்டினார். மேலே யாராவது குளித்துத் தளம் ஈரமானால் உடனே விழுந்தது. மார்லூசியா கோழிப் பலகாரங்களைச் செய்து உறையவைத்து விற்கிறவள், இரண்டு ஃப்ரீசர் வைத்திருக்கிறாள். மூன்றாவது நாள் அவர்கள் வெளியே போயிருந்தபோது சுவிட்ச் விழுந்தே கிடந்தது. ஒரு கல்யாணத்துக்குச் செய்து வைத்த அறுநூறு பலகாரமும் மாவாகக் கரைந்துவிட்டது. அவள் தரையில் உட்கார்ந்து அழுததை நானே பார்த்தேன். அது நடிப்பு இல்லை.

"ஒன் டப்பா கெட்டுப்போச்சு மச்சான். கழட்டு" என்றான் வாண்டர்லே.

"கெடல. கசியுதுன்னு சொல்லுது. அதுக்குத்தான் அத மாட்டினது."

"நீ கழட்டலன்னா நானே கழட்டறேன். அப்புறம் இன்னொண்ணும் யோசிக்க வேண்டியிருக்கும். கீழ்வீட்டுக்கு வாடகை குடுக்க ஆள் இருக்கு."

சொரைதே படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். "அண்ணா, கழட்டிடு" என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். "கழட்டிடுண்ணா. இவன இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?"

ஜெரோன்சியோ கழற்றினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கியதும் சுவிட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 

பிறகு வேறொரு ஏற்பாடு செய்தார். இரண்டு வீட்டு மீட்டரும் மெயின் சுவிட்சும் தெருச் சுவரில் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் மேல்வீட்டு மெயினை அணைத்துவிட்டு, எட்மில்சன் குளித்து முடிக்கும்வரை பெட்டியருகே நின்றிருப்பார். வாண்டர்லே இதற்குச் சரி என்றுதான் சொன்னான். இரண்டு வாரம் நடந்தது. விரல் வீங்கிய பயத்தில் எட்மில்சன் முதலில் பிடியைத் தொடவே மாட்டேன் என்றான். ஜெரோன்சியோ தன் உள்ளங்கையால் அதைப் பிடித்துக் காட்டினார். ஒன்பது நிமிஷம்வரை மறுபடி வந்தது.

ஜூன் கடைசியில் வரும் சாவோ ஜோவாவ் திருநாளுக்கு முந்தின ஞாயிறு, மேலே சொந்தக்காரர்களெல்லாம் கூடிக் கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு டிவி அணைந்தது. அணைந்திருந்த நேரத்தில் ஒரு கோல் விழுந்திருக்கிறது. வாண்டர்லே காலுறையோடு படியிறங்கி ஓடிவந்தான். "இது ஒன் வீட்டு மெயினா?" என்று கேட்டு, பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான். உள்ளே எட்மில்சன் பிடியில் நின்றுகொண்டிருந்தான். "சொரைதே, அவன உக்கார வை! இப்பவே உக்கார வை!" என்று இவர் கத்தினார். அவள் உட்காரவைத்தாள். வாண்டர்லே மெயினைப் போட்டான். மறுநாள் பெட்டியில் ஒரு பூட்டு தொங்கியது.

மின்சாரக் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, மீட்டருக்கு அப்புறம் நடப்பது எங்கள் வேலை இல்லை என்றான். தீயணைப்பு நிலையத்தில், யாருக்காவது அடித்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு எண்ணைக் கொடுத்தார்கள். நகராட்சிக்கு ஜெரோன்சியோ ஒரு மனு எழுதினார். தபால் பாடங்களில் படம் போட்டுப் பழகிய கை, கம்பி எப்படிப் போகிறதென்று அழகாக வரைந்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டியவள் சொரைதே. அவள் போடவில்லை.

நான் ஒருநாள் சோள ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு மார்லூசியாவிடம் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். அவள் கதவைத் திறந்து, "வாங்கக்கா, குளிருதே" என்றாள். ரொட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பெருஞ்சீரகம் போட்டீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சேர்த்துக்கொண்டு போன வார்த்தைகளோடு படியிறங்கி வந்துவிட்டேன்.

எட்மில்சனை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டவும் பார்த்தோம். தெருவிலிருந்து எங்கள் வாசலுக்கு எழுபத்தொரு படி. ஜெரோன்சியோவும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். முப்பதாவது படியில் ஜெரோன்சியோவின் முழங்கால் மடங்கியது. எட்மில்சன் அலறிய அலறலில் தெருவே வெளியே வந்தது. அப்படியே திருப்பிக் கொண்டுபோய்விட்டோம்.

இப்போது செப்டம்பர். சொரைதே மகனைக் கட்டிலிலேயே ஈரத்துணியால் துடைத்துவிடுகிறாள். குளியலறைக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறாள். ஜெரோன்சியோ ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கயிற்றை அவிழ்த்து, பிடியில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டுகிறார். ஒயர் டைல்ஸுக்குப் பின்னால் அப்படியேதான் இருக்கிறது. எட்மில்சனை ஜூலையில் அறைக்குள் நிறுத்திப் பார்த்தார்கள், நாற்பது விநாடி நின்றான். போன மாதம் இருபது. இந்த மாதம் அவன் நிற்கவில்லை.