அப்பா கழற்றி வைத்த கார்

போன வாரம் ஆயர் குரோவில் ஒரு வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகும் பக்கத்து வீட்டுப் பெண், காரை அங்கே நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். காருக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் மட்டும் வந்தது. "அம்மா, பிரேக்க கொஞ்சம் மிதிச்சிப் புடிங்கம்மா." சரி, உபகாரம் செய்வோமே என்று காரின் பின் இருக்கையிலிருந்து ஓட்டுகிற இருக்கைக்கு மாறினேன். கால் பெடலுக்குப் போக மறுத்துவிட்டது. முழங்கால் வாதம் என்று சொல்லித் தப்பித்தேன். வாதமும் இருக்கிறது என்பதால் அது பாதிப் பொய்தான்.

பிரேக் ஆயிலின் வாடை உங்களுக்குப் பழக்கமா? முதலில் லேசாக இனிக்கும், பிறகு தொண்டையைப் பிடிக்கும். எனக்கு அது காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக் கொட்டகையின் வாடை. கம்போங் செட்டிக்கு அடுத்த சந்தில், தகரக் கூரைக்குக் கீழே, கட்டைகள்மேல் அப்பாவின் கார் நின்றது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். ஜப்பான்காரர்கள் ஊரில் இருந்த கார்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போனபோது, அப்பா கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே எதையெதையோ கழற்றினார். "எடுத்துட்டுப் போறவன் சந்து முனையக்கூட தாண்டக் கூடாது" என்று அம்மாவிடம் சொன்னாராம். கழற்றியவை எவை, எங்கே வைத்தார் என்பதைச் சொல்லவில்லை. கார் ஓடாது என்று தெரிந்ததும் அவர்கள் காரை விட்டுவிட்டார்கள். பிறகு ஒருநாள் அப்பாவைக் கொண்டுபோனார்கள், சயாமில் ரயில் பாதை போட.

சயாமிலிருந்து திரும்பியவர்களில் அப்பாவைப் பார்த்தவர் யாருமில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை. அதனால் அம்மா குங்குமத்தை அழிக்கவில்லை. அந்தக் காரையும் யாரையும் தொட விடவில்லை. "அவரு கழட்டினத அவருதான் மாட்டணும்" என்பார்.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் வரப்போகிற வருஷம் அண்ணனுக்குக் கிறுக்குப் பிடித்தது. சுதந்திர நாளன்று அந்தக் காரில் அம்மாவை உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டுமாம். அண்ணன் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், ரப்பர் கிடங்கில் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தான். கல்யாணமாகி, அண்ணி மாசமாக இருந்த நேரம். மெக்கானிக் வேலை அவனுக்கு அறவே தெரியாது. எனக்கும் தெரியாது. நான் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பகலில் பிள்ளைகளை மிரட்டிவிட்டு, சாயங்காலத்தில் அண்ணனிடம் திட்டு வாங்குவேன்.

அம்மா முதலில் கத்தினார். "தொடாதடா. என்னத்த எடுத்தாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அப்பா வந்தா ஓடுற காடியப் பாத்துச் சந்தோசப்பட மாட்டாரா?" என்றான் அண்ணன். அதன் பிறகு அம்மா கொட்டகை வாசலில் வந்து நிற்பார், உள்ளே வரமாட்டார்.

உள்ளே எங்கே கை வைத்தாலும் அப்பாவின் கை முன்பே வைக்கப்பட்டிருந்தது. நட்டுகளை அவர் விரலால் மட்டும் திருகி வைத்திருந்தார். எடுத்ததை மாட்டச் சீக்கிரம் மறுபடி கழற்றத்தானே போகிறோம் என்ற நினைப்பு. வெளியே பார்த்தால் எல்லாம் முழுசாகத் தெரியும், ஸ்பானரை வைத்தால் பொலபொலவென்று கழன்று வரும். கண்டதையெல்லாம் அண்ணன் இறுக்கினான், குறைந்த இரும்பு உருப்படிகளைப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கி மாட்டினான். கண்ணில் படாத குறையை என்ன செய்வது? அந்தப் பயம் எனக்குச் சோறு தின்னும்போதும் இருந்தது.

பக்கத்து வீட்டு பீபி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பார். தலைமுறைகளாக இங்கேயே இருந்து தமிழை மறந்துவிட்ட செட்டி வீட்டுப் பெண்மணி. மாரியம்மனை மலாயில் கும்பிடுகிறவர். "கெரேத்தா ஓராங் பெலும் பாலெக், ஜாங்கான் பாவா ஜாலான்" என்றார். இன்னும் திரும்பி வராதவனுடைய வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாதே என்று அர்த்தம். அண்ணன் சிரித்துவிட்டு அவருக்கு ஒரு கும்பிடு போட்டான்.

பிரேக்கைத் திறந்தபோது சக்கரத்துக்குப் பக்கத்துச் சிலிண்டர்கள் காலியாக இருந்தன. எண்ணெய் கசியாமல் அடைத்துக்கொள்கிற ரப்பர் கப்புகள் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வர மாதக்கணக்காகும் என்றது கடை. மெர்டேக்கா காத்திருக்குமா? அண்ணன் கிடங்கிலிருந்து நல்ல தடிப்பான ஷீட் ஒன்றை எடுத்துவந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தானே வெட்டினான். "ரப்பரப் பத்தி நமக்கா சொல்லித் தரணும்? தாத்தா பால் வெட்டுனாரு, அப்பா கணக்கெழுதுனாரு, நான் தரம் பிரிக்கிறேன்."

தோட்டத்து ஜனங்களுக்கு ரப்பரை லாரி ஏறும் வரைதான் தெரியும். அதற்குப் பிறகு எங்கோ ஒரு ஆலையில் அதைக் கந்தகம் சேர்த்து வேகவைத்தால்தான் சூட்டைத் தாங்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணன் மாட்டியது சூட்டில் இளகிவிடும் பச்சை ரப்பர்.

குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற, நான் உள்ளே உட்கார்ந்து மிதிப்பேன், அவன் அடியில் படுத்திருப்பான். "மிதி... புடி... வுடு." கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது. மறுநாள் பள்ளிக்குப் போகுமுன் சும்மா மிதித்துப் பார்த்தேன்.

"அண்ணே, நேத்து நின்ன எடத்துல நிக்கல. எறங்குது."

"வாத்தியாரம்மா, புதுசு அப்பிடித்தான் இருக்கும். பழகிக்கும்."

சுதந்திர நாள் அன்று ஊரெல்லாம் தோரணமும் கொடியும். அம்மா பட்டுப் புடவையில், அந்தக் காலத்தில் தான் உட்கார்ந்த அதே முன் இருக்கையில். அண்ணியும் நானும் பின்னால். கூட்டத்துக்குள் நின்று நின்று போனோம். ஒவ்வொரு தடவையும் அண்ணனின் கால் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனது. கடலோரத் தெங்கேரா பக்கம் வருவதற்குள் இரண்டு மிதி, மூன்று மிதி வேண்டியிருந்தது. நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எதிரே பள்ளிப் பிள்ளைகள், கையில் குட்டிக் கொடிகளோடு சாலையை அடைத்துக்கொண்டு வந்தார்கள். பெடல் அடியைத் தொட்டு அங்கேயே கிடந்தது. அண்ணன் கடற்கரைக்கு இறங்கும் சந்தில் காரைத் திருப்பினான். காய்ந்துகொண்டிருந்த வலைகளை இழுத்துக்கொண்டு, ஒரு தென்னையில் மோதி, வற்றிய கடலின் சேற்றில் போய் நின்றோம். அண்ணனின் கால் முறிந்தது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே பிள்ளை அசைந்தது.

மோதலில் பின் இருக்கை பிய்ந்திருந்தது. ஸ்பிரிங்குகளுக்கு நடுவே, தேங்காய் நாருக்குள், மெழுகுத் துணியில் கட்டிய ஒரு பொட்டலம். அப்பாவின் முடிச்சு என்று அம்மா சொன்னார். பிரித்தார். கிரீஸ் பூசிய இரும்புச் சாமான்கள் புதுசாகவே இருந்தன. ரப்பர் கப்புகளை எடுத்தபோது அவை அம்மாவின் விரல்களுக்குள் தூள்தூளாக உதிர்ந்தன.

"இப்பிடி ஆவுற அளவுக்கா நாளாச்சு?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. சேற்றுக்குட்டையில் குனிந்து கையைக் கழுவினார். அந்த ஈரக் கையாலேயே நெற்றியையும் துடைத்தார்.

காரைப் பழைய இரும்புக்காரன் இழுத்துப் போனான். தெங்கேராவில் கடலும் இன்று அங்கே இல்லை. மண்ணைக் கொட்டித் தள்ளிவிட்டார்கள். நாங்கள் போய் நின்ற இடத்தில் வரிசையாக அடுக்குக் கடைகள். அண்ணன் கடைசிவரை காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, அவனும் போய்ச் சேர்ந்தான்.

அப்பா இறந்த தேதி தெரியாததால், அந்தச் சுதந்திர நாளையே அவருடைய திதியாக வைத்துக்கொண்டார் அம்மா. மறுவருஷம் ஊர் கொடியேற்றியபோது எங்கள் வீட்டில் முதல்முறையாக அப்பாவுக்கு இலை போட்டோம். அடுப்படியில் நின்று, "அப்பாவுக்கு என்னம்மா புடிக்கும்? அதச் செய்வோம்" என்று கேட்டேன். அம்மா அரிசியைக் களைந்து உலையில் போட்டார்.

"மறந்துபோச்சும்மா" என்றார்.