தீப்பெட்டிக்குள் வைத்த கறுப்புப் புழு

மொச்சைப் பூவின் வாசனை வந்தாலே எனக்கு இன்றும் ஒரு தீப்பெட்டி ஞாபகம் வரும். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் மானாவாரிக் காட்டில் மொச்சை பூக்கும் பனிக்காலத்தில், தண்டெல்லாம் சாறு உறிஞ்சும் அசுணிப் பூச்சி அப்பி, தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கிய உடைந்த கேமராவின் லென்சைக் கழற்றி, பூதக்கண்ணாடி போலத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஏழாம் வகுப்புப் படித்த நான் அந்த இலைகளுக்கடியில் முகத்தை வைத்துக் கிடப்பேன். "செடிக்குப் பேன் பாக்கறவன்" என்று அம்மா கேலி செய்வாள்.

அப்படி ஒருநாள் பார்த்ததுதான் அந்தப் புழு. வெறுங்கண்ணுக்குக் கறுப்புத் துரும்பு. லென்சில் முதுகெல்லாம் முள்ளும் ஆரஞ்சுப் புள்ளியுமாக, முதலைக்குட்டி மாதிரி. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவரும் லென்சை வாங்கி நாலைந்து இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தன நாளு கண்ணுக்குத் தெரியாமப் போச்சே. இதான்டா செடியத் தின்னுது" என்றவர், மறுநாளே மருந்து கலந்து காடு முழுக்க அடித்தார். மறுபடி பார்க்கலாமென்று ஒரே ஒரு புழுவை மட்டும் நான் தீப்பெட்டியில் ஒளித்து வைத்திருந்தேன்.

மருந்தில் அசுணியும் செத்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டு நாளில் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்து, பூவெல்லாம் கருகிக் கொட்டியது. அன்றைக்குத்தான் தீப்பெட்டி ஞாபகம் வந்து திறந்தேன். புழு இல்லை. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த "புள்ளிவண்டு" ஒன்று உட்கார்ந்திருந்தது. அசுணியைப் பொறுக்கித் தின்னும் என்று அப்பாவே கையிலெடுத்துச் செடியில் விடுவாரே, அதே வண்டு. அதைப் போலவே அசுணியைத் தின்னும் அதன் குட்டிகளைத்தான் நான் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அடி விழுமென்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவோ அண்டைக் காட்டுக்காரர்களிடமெல்லாம், "எம்பையன் கண்ணாடி வெச்சுக் கண்டுபுடிச்சான். கறுப்புப் புழு தெரிஞ்சா ஒடனே மருந்தடிச்சிருங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மொச்சை கைக்கு வராமல் போக, நான் பள்ளிக்கூடத்தை விட்டுப் பாலக்கோட்டு மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கப் போனேன்.

இப்போது அதே லென்சைச் செல்போனில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, எறும்பு, சிலந்தி, தேனீ என்று கிடைத்ததையெல்லாம் படம் எடுக்கிறேன். அந்தப் புழுவை மட்டும் ஒவ்வொரு பனிக்கும் தேடுகிறேன், கிடைப்பதில்லை. போன வாரம் பக்கத்துக் காட்டு அண்ணன் ஒரு மொச்சை இலையை நீட்டி, "உங்கப்பா சொன்னதத்தான் இன்னிக்கி வரைக்கும் செய்யறோம். புழு இருக்குதான்னு பெருசு பண்ணிப் பாத்துச் சொல்லு தம்பி" என்றார்.

பார்த்தேன். அசுணி மட்டும்தான் இருந்தது.

"புழு இல்லீங்கண்ணா" என்றேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார்.