முப்பது நோன்பும் பிடித்தவள்

கிண்ணியாத் துறையில் பாதை இழுக்கிற ஹிஸ்புல்லாவுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. சனத்தையும் லொறியையும் அக்கரை சேர்க்கிற, பாதை என்கிற அந்த மிதவையில் யார் கால் வைத்தாலும், எதற்குப் போகிறார்கள் என்று முகத்தில் தேடுவான். இத்தனை தேடுகிறவனுக்கு, தன் மனைவி றம்ஸியா அவன் பாதையில் நிற்காத நாளாய்ப் பார்த்து, சந்தைக்கென்று சொல்லி டவுன் ஆசுபத்திரிக்குப் போய்வருவது மட்டும் தெரியவில்லை.

கல்யாணம் முடித்து நாலு வருடம், பிள்ளையில்லை. எழுபத்தோராம் ஆண்டு நோன்பில் றம்ஸியா முப்பதையும் விடாமல் பிடித்தாள். தீட்டு நாட்களில் பெண்கள் நோன்பை விட்டுப் பிறகு பிடிப்பார்கள். ஒரு நாளும் விடாதவளைப் பார்த்தால் ஊர்ப் பெண்கள் ஒன்றைத்தான் நினைப்பார்கள். பெருநாளன்று ஹிஸ்புல்லாவின் உம்மா மருமகளின் வயிற்றைத் தடவிச் சந்தோஷத்தில் அழுதே விட்டாள். றம்ஸியா குசினிக்குள் போய்விட்டாள்.

மாதங்கள் போயும் வயிறு எழும்பவில்லை. ஒரு நாள் அலுமாரியில் உடுக்கச் சாரன் தேடியவனுக்குச் சேலை மடிப்புக்குள் ஒரு குளிசை அட்டை அகப்பட்டது. பிள்ளை பெறாமலிருக்கக் கொடுக்கிற குளிசைபற்றிப் பாதையில் வரும் பெண்களின் கதையில் காது வைத்துக் கேட்டிருக்கிறான். நோன்பில் கரு இருந்தது, இப்போது இல்லை, நடுவில் குளிசை. பாவி மனிதனுக்கு எல்லாம் பொருந்தி வந்தது.

"எண்ட புள்ளய என்ன செஞ்சாய்?"

"புள்ள இருந்தாத்தானே என்னவும் செய்ய?"

"பொய். முப்பதும் புடிச்சாயே!"

"எனக்கு மாசாமாசம் வாறதில்ல. உம்மா வயித்தத் தடவினப்போ சொல்ல வாய் வரல்ல."

அவன் நம்பவில்லை. அந்த ஊரில் வீடு பெண்ணுக்குரியது. கோபித்த ஆண்தான் வெளியேற வேண்டும். "டவுனில விசாரிச்சிட்டு வாறன். பொய்யெண்டா தலாக்தான்" என்று சாரன்களைச் சுருட்டிக்கொண்டு போனான்.

றம்ஸியாவின் பெயரைச் சொல்லி, இது கருக் கலைக்கவா என்று அவன் நீட்டிய அட்டையை ஆசுபத்திரித் தாதி அருள்மலர் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"இது கருவைக் கலைக்கிற குளிசை இல்லை. மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு. அதிலயிருந்து வாற ஓமோன்தான் முட்டையைப் பழுக்க வைக்கிறது. முட்டை வெளிய வந்தாத்தான் பிள்ளை தங்கும், தீட்டும் ஒழுங்கா வரும். உங்கட மனுசிக்கு அது பழுக்கிறதில்லை. கொஞ்ச மாதம் குளிசையால ஒழுங்கு காட்டிப்போட்டு நிப்பாட்டுவம். பிறகு உடம்பு தானாப் பிடிக்குதோ எண்டு பாக்கிறது."

"புடிக்காட்டி?"

"வேற மருந்து பாப்பம். உங்களையும் சோதிக்க வேணும் எண்டு எத்தினை தரம் சொல்லி விட்டனாங்கள். அவ சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. இவனிடம் எப்படிச் சொல்வாள்? வெட்கத்தில் காது சுட, அன்றே சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தான். சோதனையில் அவனுக்குக் குறை இல்லை என்றார்கள். சுருட்டிய சாரன்கள் அலுமாரிக்குத் திரும்பின. ஆனாலும் தாதியும் இவளும் கூட்டோ என்றொரு நினைப்பு உள்ளே கிடந்தது. குணம் லேசில் விடுமா?

அடுத்த நோன்பு வந்தது. குளிசை நிறுத்திக் கன நாள். ஒரு பகல் வீட்டுக்கு வந்தவனுக்குத் தேத்தண்ணி வாசம் அடித்தது. குசினிக் கதவு சாத்தியிருந்தது. நோன்பு நாளில் யாருக்கு உபசாரம்? கதவைத் தள்ளினான்.

றம்ஸியா கோப்பையோடு தனியே இருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எனக்கு இண்டைக்கு நோன்பில்ல. தானா வந்திரிக்கி."

நாக்கு வறண்டு கிடந்தவன் அவள் பக்கத்தில் தரையில் இருந்தான். கண் கலங்கியது. சீனிப் பேணியை அவள் பக்கம் தள்ளினான்.

"சீனி காணுமா, இன்னும் போடவா?"

கல்யாணம் முடித்த நாளிலிருந்து சந்தேகமில்லாமல் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.