கமாலுதீன் பாய் தொட மறுத்த கழுத்துகள்

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் ஒருவருடைய கழுத்தின் மேல் இருந்தன. கடலூரில் பிசியோதெரபி நிலையம் நடத்துகிறவளுக்கு அது அதிசயமில்லை. சாயங்கால நேரம். காலையிலிருந்து பார்த்த ஆட்களை எண்ணுவதை மத்தியானத்தோடு விட்டிருந்தேன். போன் விடாமல் அடித்ததால் கையை எடுத்துவிட்டுப் போய் எடுத்தேன். பரங்கிப்பேட்டையிலிருந்து கமாலுதீன் பாயின் மகள். “அத்தா மவுத்தாயிட்டாங்க ஆன்ட்டி. மத்தியானம் லுஹர் தொழுதுட்டுப் படுத்தவங்க எந்திரிக்கல.” “காலையில வரேம்மா” என்று மட்டும் சொன்னேன். அழக்கூடத் தெம்பில்லை.

சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது, கழுத்தையும் முதுகெலும்பையும் கையாலேயே திருப்பிச் சரிசெய்கிற அவருடைய கைரோபிராக்டிக் கிளினிக். இதைப் படிக்கிற உங்களில் பலர் அந்தக் குறுகல் படியில் கழுத்தையோ இடுப்பையோ பிடித்துக்கொண்டு ஏறியவர்கள்தான். வெளிநாட்டில் படித்து, அங்கேயே வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். ஆரம்பத்தில் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ‘எலும்பு முறிக்கிற பாய்’ என்று பேர் வைத்ததே நான்தான். கழுத்தைத் திருப்பிச் சத்தம் வரவைக்க சலூன் போதாதா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

அந்த வாயை அடைத்தவர் செல்வம். எங்கள் குப்பத்துக்காரர், மீன் வண்டி ஓட்டுகிறவர். பொருட்காட்சியில் மகளோடு சுழல் ராட்டினத்தில் ஏறியபோது கழுத்து வெட்டி இழுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கழுத்துப் பிடித்துக்கொண்டால் செய்கிற அத்தனையையும் வரிசையாகச் செய்திருக்கிறார்கள். முதல் நாள் தலையணையை வெயிலில் போட்டார்கள். மறுநாள், தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்த மச்சான் ஒருவர் முதுகில் மெதுவாக உதைத்தார். அதற்கும் அடுத்த நாள் சலூனில் முடி வெட்டிய கையோடு கழுத்தைச் சொடக்கெடுத்தார்கள். விரல்கள் மரத்துப் போன பிறகுதான் ஆள் சிதம்பரம் போனார்.

மருத்துவமனையில் வைத்தியமெல்லாம் முடிந்து, உடற்பயிற்சிக்காக என்னிடம் வந்தபோது செல்வம் சொன்னார்: “பாய் தொடவே இல்ல மேடம். எதுல ஏறினீங்கன்னு ஒரே கேள்வி. நா கம்முனு இருந்தேன். இந்த வயசுல ராட்டினம் ஏறனேன்னு எப்பிடி சொல்றது? எல்லார்கிட்டயும் வெயிட்டு தூக்கனேன்னுதான் சொல்லிகினு இருந்தேன். அவரு உட மாட்டேன்னுட்டாரு. சொன்னதும் கைய கட்டிக்கினாரு. கழுத்துக்கு பட்டி மாட்டி ஆஸ்பத்திரிக்கு அவரே இட்டுனு போயிட்டாரு.” எக்ஸ்ரே படத்தில் கழுத்தெலும்பு ஒன்று இடம் பெயர்ந்திருந்ததாம். இன்னொரு சொடக்கு எடுத்திருந்தால் ஆளே எழுந்திருக்க மாட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வாரமே சிதம்பரம் போய் மன்னிப்புக் கேட்டேன். பேர் வைத்த கதை அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “பேரு நல்லாத்தான் இருக்கு, போர்டுல எழுதிடலாமா?” என்று சிரித்தார். ‘எதுல ஏறினீங்க’ என்கிற அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. “வெளிநாட்டுல எங்க கிளினிக் பக்கத்துல பெரிய கேளிக்கைப் பூங்கா. திங்கக்கிழமையானா கழுத்துக் கழுத்தா வருவாங்க. ஒருநாள் கூட்டம் ஜாஸ்தி, எனக்கு அசதி. ஒருத்தர்கிட்ட ஒண்ணும் கேக்காம திருப்பிட்டேன். எழுந்தவருக்கு வலது கை தூக்க வரல. அதுக்கப்பறம் அவரு சட்டைக்கு அவரு பொஞ்சாதிதான் பொத்தான் போட்டுவிட்டாங்க.” கடைசியாகச் சொன்னார்: “அசதியா இருந்தா கழுத்தத் தொடாதீங்க மேடம். டீ குடிக்கப் போயிடுங்க.”

இப்போது என் கதையையும் சொல்லத்தான் வேண்டும். போன வருஷம் கூடப் படித்தவர்களோடு சென்னைப் பக்கம் ஒரு பூங்காவுக்குப் போய், ரோலர் கோஸ்டரில் ஏறினேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு அது தேவையா? இறங்கியதிலிருந்து கழுத்தில் வலி. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள், பத்து நாள் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிறகு பாயிடம் போய் உட்கார்ந்து, “தலகாணி சரியில்ல பாய். ஒரே ஒரு சொடக்கு போட்டு விடுங்க, சாயங்காலம் ஆளுங்க காத்திருப்பாங்க” என்றேன். அவர் என் தோளைப் பார்த்தார். ரோலர் கோஸ்டரின் பாதுகாப்புக் கம்பி அழுத்திய தடம் அங்கே இன்னும் மறையவில்லை. “தலகாணி தோளுல கம்பி மாதிரி தழும்பு போடுமா தங்கச்சி?” என்றார். அதுவரை மேடம், அன்றைக்குத்தான் தங்கச்சி ஆனேன்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! தெரிந்தவளுக்கே செய்ய மாட்டீர்களா என்று சத்தம் போட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே தவிர, கிட்டே வரவில்லை. “திட்டுங்க. படத்த எடுத்துட்டு வந்து மிச்சத்தத் திட்டுங்க.” படம் எடுத்தார்கள். கழுத்தெலும்பில் கீறல். அவர் இரக்கப்பட்டு என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த வலது கை இப்போது எழுதிக்கொண்டிருக்காது.

மூன்று மாதம் கழுத்தில் பட்டி. என் நிலையத்தை மூடிவிடலாம் என்றிருந்தேன். புதன்கிழமைதோறும் பாய் தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிக் கடலூர் வந்தார். நான் நாற்காலியில் மரப்பாச்சி மாதிரி விறைத்து உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவேன். அவர் என் ஆட்களுக்கு நான் சொன்ன பயிற்சியை மட்டும் செய்ய வைப்பார். ஒருநாளும் தன் முறையை நுழைத்ததில்லை. “இது உங்க கடை, இங்க நா கையாளுதான்” என்பார்.

மகள் போன் செய்த மறுநாள் காலையில் பரங்கிப்பேட்டை போனேன். ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி என் கழுத்தைத் தடவிப் பார்த்து, “இப்ப நல்லாயிடுச்சா? அவுங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க” என்றார். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

முந்தின நாள் என் கையில் இருந்த அந்தக் கழுத்து யாருடையது என்று இன்னும் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவருடையது. “புதுத் தலகாணி ஒத்துக்கல மேடம்” என்றார். நான் அதே பொய்யைச் சொன்னவள்தான். இருந்தும் நம்பினேன், கேட்கவில்லை. அவ்வளவு அசதி. கழுத்தைத் திருப்பத் தயாரானபோதுதான் போன் அடித்தது. பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், “எதுல ஏறினீங்க?” என்று கேட்டுவிட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். “பேத்தி கூப்டாம்மா... எக்ஸிபிஷன்ல.” பட்டியை மாட்டி, மகனை வரவழைத்து மருத்துவமனைக்கு அனுப்பினேன். பரங்கிப்பேட்டையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அந்த மகன் போன் செய்தார். எலும்பில் கீறல்.

பாய், உங்கள் மரணச் செய்தி வந்துதான் என் கை அந்தக் கழுத்திலிருந்து எழுந்தது. அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். இன்றைக்கும் அசதியாகத்தான் இருக்கிறது. வெளியே நான்கு பேர் காத்திருக்கிறார்கள். நான் டீ குடிக்கப் போகிறேன்.