தொறந்தா போதும்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மருத்துவப் பேராசிரியர். மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் ஷூ. தன் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று செல்போனில் ஓயாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

"யாரு சார் மேற்கோள் காட்டுறாங்க?"

"கூட வேலை பாக்குறவங்கதான். அவுங்க என்னுத போடுவாங்க, நான் அவுங்களுத போடுவேன்."

என் போனிலும் அந்தக் கட்டுரையைத் திறக்கச் சொன்னார். கிள்ளை மீனவர்களின் ஆறாத கால்புண் பற்றியது.

"படிக்கணுமா சார்?"

"வேணாம். தொறந்தா போதும், படிச்சவங்க கணக்குல ஒண்ணு ஏறிடும்."

திறந்தேன். சிரித்தார்.

நான் கிள்ளையில் வலை போடுகிறவன். புண்ணுக்குக் கட்டுப்போட்ட என் கால், அவர் ஷூவை ஒட்டித்தான் இருந்தது. கடலூர் வரும்வரை அவர் குனிந்து பார்க்கவில்லை.

அப்படியானால், யார் காலைப் பார்த்து அதை எழுதினார்?